கேட்டு எழுதிய குற்றம்

சீனாவின் ஷிகோவ் நகரத்தில் ஒவ்வொரு ஜூன் மாத நடுவிலும் ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு ஊரே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலக் கேட்டல் தேர்வு எழுதும் நேரம் அது. அந்த இருபது நிமிடத்துக்காகவே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 'அமைதிக் கட்டளையகம்' என்று ஒரு பிரிவு இருந்தது. அதன் ஆணைப்படி லாரிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிற்கும். கட்டட வேலைக்காரர்கள் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறார்களோ அந்தப் படியிலேயே இருப்பார்கள். பழைய ஃபிரிட்ஜ், பழைய டிவி வாங்கும் வண்டிக்காரனின் ஒலிபெருக்கி முந்தின நாளே போலீஸ் நிலையத்துக்குப் போய்விடும். மாஜோங் என்ற காய் ஆட்டம் நடக்கும் கடைகளில் மேஜைமேல் கம்பளி விரித்து, காய்களைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைப்பார்கள். இரண்டாம் நடுநிலைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த குளத்தில் தீயணைப்புப் படையினர் இறங்கித் தவளை பிடிப்பார்கள். தேர்வு முடிந்ததும் தவளைகளைத் திரும்ப விட வேண்டும் என்று ஆணையில் இருந்தது. அன்றிரவு தீயணைப்பு நிலையத்தில் என்ன குழம்பு என்று யாரும் விசாரித்ததில்லை.

தெங் குய்லான் அந்தப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. லிஃப்டில் தனியாக ஏறப் பயப்படுகிறவள். தொலைபேசி மணி அடித்தால் முதலில் "நான் என்ன செஞ்சேன்?" என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பதின்மூன்றாம் அறை மேற்பார்வை விழுந்தது.

கேட்டல் தேர்வின்போது மேற்பார்வையாளர் பேசக் கூடாது, நடக்கக் கூடாது, இருமக் கூடாது, மாணவர்களை அர்த்தத்தோடு பார்க்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வேதியியல் ஆசிரியர் தும்மிவிட்டார். அது பற்றி ஒரு விசாரணை நடந்து, தும்மல் முன்கூட்டியே திட்டமிட்டதல்ல என்று தீர்ப்பாகி, கருணையோடு அவரை மலைமேல் நான்கு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்றினார்கள்.

தெங் இரண்டு நாள் மிளகாய் தொடவில்லை. கையிலிருந்த பச்சைக்கல் வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள். துணிச் செருப்பு வாங்கினாள். காலையில் கணவன் மோ பின் அரிசிச் சேமியாக் கிண்ணத்தை நீட்டியபோது வயிறு சத்தம் போடுமோ என்று அதையும் மறுத்தாள்.

"பட்டினி கிடந்தாத்தான் வயிறு சத்தம் போடும்" என்றான் அவன்.

அதைக் கேட்டு அவளுக்கு வேர்த்தது. அவசரமாகப் பாதிக் கிண்ணம் தின்றாள். பிறகு நாள் முழுவதும் ஏப்பம் வருமோ என்று பயந்தாள்.

மூன்று மணிக்குக் கரும்பலகைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி 'கர்' என்றது. அவ்வளவுதான். பிறகு ஒன்றும் வரவில்லை.

முதலில் தெங் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆங்கிலக்காரர்கள் பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணினாள். ஆனால் யோசனை நீண்டுகொண்டே போனது. முப்பது பிள்ளைகளும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் அர்த்தமில்லாமல் பார்க்க முயன்றாள்.

அறையின் பின்பக்கம் இன்னொரு மேற்பார்வையாளர், உடற்பயிற்சி ஆசிரியர் சாய் ஹாவ் நின்றிருந்தான். நல்ல உயரம், பள்ளியில் யாருக்கும் பயப்படாதவன் என்று பெயர். அவன் வாயைத் திறந்தான். மூலையில் இருந்த கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அந்தக் கேமரா படம் மட்டும்தான் பிடிக்கும், ஒலி பிடிக்காது. ஆனால் திறந்த வாய் படத்தில் விழும்.

பிள்ளைகளும் கை தூக்க முடியாது. கேட்டல் தேர்வில் கை தூக்கினால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். ஒரு பையன் சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தான். மூன்றாம் வரிசையில் இருந்த யீ சியாமான் என்ற பெண் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். மற்றவர்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்தது. குனிந்து விடை வட்டங்களைக் கறுப்பாக்கத் தொடங்கினாள். அவள் குனிந்ததும் பக்கத்துப் பையன் குனிந்தான். ஒரு நிமிடத்தில் முப்பது தலைகளும் குனிந்திருந்தன.

தெங்கின் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சத்தம் கேட்குமோ என்றுகூட அவளுக்குப் பயமாக இருந்தது.

தேர்வு முடிந்தபின் நடைபாதையில் தலைமை மேற்பார்வையாளர் கேட்டார்: "பதின்மூணு, ஒலி எப்படி இருந்துச்சு?"

தெங் விடைத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாய் ஹாவ் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "ஒரு குறையும் கேக்கலை சார்."

அவர் போனபின் சாய் சுவரில் சாய்ந்துகொண்டான். "அக்கா, நான் பொய் சொல்லலையே?"

"இல்லப்பா."

"அப்ப ஏன் எனக்குக் கால் இப்படி ஆடுது?"

அன்றிலிருந்து தெங் பெற்றோர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். முப்பது குடும்பமும் கொடி பிடித்துக்கொண்டு வரும். அறுபது பேர், தாத்தா பாட்டிகளோடு சேர்த்தால் நூற்றைம்பதைத் தாண்டும். அந்தத் தேர்வில் தேறினால் மேல்நிலைப் பள்ளி. தேறாவிட்டால் தொழிற்பள்ளியில் ஸ்குரூ முடுக்கப் பழக வேண்டும். யார் சும்மா விடுவார்கள்? ஆனால் ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. வராதது அவளை இன்னும் பயமுறுத்தியது.

பொறுக்க முடியாமல் ஒரு காலை யீ சியாமானின் அம்மா நடத்தும் சேமியாக் கடைக்குப் போனாள். அம்மாக்காரி வாணலிமுன் நின்று மகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பீன்ஸ் ஊறுகாயை எடுத்துட்டு வா! ஊறுகாய்! கேக்குதா?"

"கேக்குதும்மா. ஏன் இப்படிக் கத்துறே?"

"இப்ப கேக்குதுங்கிறே! பரீட்சையில ஏன் கேக்கலை?"

தெங்கைப் பார்த்ததும் அம்மாக்காரியின் கண் கலங்கியது. "டீச்சர், வாங்க. எங்க பொழப்பைப் பாருங்க. இவளுக்குக் காது போயிடுச்சு. பரீட்சையில ஒரு சத்தமும் விழலையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ரெண்டு காதுலயும் விளக்கடிச்சுப் பார்த்தார். சீனத்துக்கு நல்லா இருக்காம். ஆங்கிலத்துக்கு மட்டும் மந்தமாம்."

"டாக்டரா சொன்னாரு?"

"மருந்தும் குடுத்திருக்காரு. வேளைக்கு மூணு சொட்டு."

சியாமான் கிண்ணத்தை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்கு மத்தவங்க எல்லாருக்கும் கேட்டுச்சா?"

தெங் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் ஒலி வரவில்லை என்று தெரிந்தால் பதின்மூன்றாம் அறையின் மொத்தத் தாளும் செல்லாது. பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டும். தன்னையும் சாயையும் தண்டிக்க அந்த மலைமேல் பள்ளிகூடப் போதாது.

"நீ... எப்படி எழுதினே?" என்றாள்.

"ஆங்கில டீச்சர் சொல்லிக்குடுத்த வழிதான். மூணு விடையில ரெண்டு ஒரே மாதிரி இருந்தா அந்த ரெண்டுல ஒண்ணு. அதுல நீளமானது. ரெண்டும் ஒரே நீளம்னா நடுவுல உள்ளது."

"கேக்கவே வேண்டாமா?"

"கேட்டா குழப்பம்தான் டீச்சர். எப்பவும் கேட்டுட்டு மாத்திடுவேன். இந்தத் தடவைதான் மாத்தலை."

தெங் சேமியாவை மென்று விழுங்கினாள். ருசி தெரியவில்லை. வெளியே வரும்போது பின்னால் அம்மாக்காரி, "சொட்டு மருந்து போட்டியா! மருந்து!" என்று கத்துவது தெருமுனைவரை கேட்டது.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான் என்று அவளுக்குப் பிறகு தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தது. பாதிப் பேர் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்ன பிள்ளைகளை, வெளியே சொல்லாதே, மானம் போய்விடும் என்று பெற்றோர் அடக்கிவிட்டார்கள்.

ஜூலையில் முடிவு வந்தது. கேட்டல் பகுதியில் மாவட்டத்திலேயே முதல் இடம் பதின்மூன்றாம் அறைக்கு.

மறுநாள் கல்வி அலுவலக இயக்குநர் கோங் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். உருண்டை முகம், தேநீர்க் குடுவையைக் கையிலிருந்து கீழே வைக்காத மனிதர். பிரின்சிபால் பெங் வாசலிலிருந்து பின்பக்கமாகவே நடந்து அவரை உள்ளே கூட்டிவந்தார். கூட்ட அறையில் பதின்மூன்றாம் அறையின் கேமராப் படத்தைப் போட்டார்கள்.

தெங் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"பாருங்க!" என்றார் கோங். "ஒரு தலை நிமிருதா? மத்த அறையில எல்லாம் பிள்ளைங்க ஒலிபெருக்கியைப் பார்த்து வாத்துக் குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்கு. இங்க பாருங்க, என்ன ஒழுக்கம்! அந்த மேற்பார்வையாளரைப் பாருங்க, சிலை மாதிரி நிக்கிறாங்க. யாரு அது?"

பிரின்சிபால் பெங் தெங்கை முன்னால் தள்ளினார். "எங்க தெங் ஆசிரியைதான் ஐயா. மனம் ஒன்றிய கேட்டல்னு நாங்க மூணு வருஷமா நடத்துற திட்டம்." அந்தத் திட்டம் அந்த நொடியில்தான் பிறந்தது. ஆனால் பெங்கின் முகத்தில் மூன்று வருடக் களைப்பு தெரிந்தது.

"சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?" என்றார் கோங்.

"நான் ஒண்ணும் செய்யலை ஐயா."

கைதட்டல் எழுந்தது. "என்ன அடக்கம்!" என்றார் கோங்.

அவள் இன்னும் பயந்தாள். உண்மையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தைரியம் வந்தது. "நாங்க எதையும் கேக்கலை ஐயா. சத்தியமா, யாருமே எதையும் கேக்கலை."

கோங் தேநீர்க் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டார். அப்படி அவர் வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

"தோழர்களே, இதைக் கவனிங்க. எதையும் கேக்கலையாம்! மத்த பள்ளிக்கூடம் ஏசி கேக்குது, புது ஒலிபெருக்கி கேக்குது, ஆங்கிலம் தெரிஞ்ச ஆங்கில ஆசிரியர் கேக்குது. இவங்க எதையுமே கேக்காம முதல் இடம் வாங்கியிருக்காங்க! நானும் ஆங்கிலம் படிச்சவன்தான். பதினோரு வருஷம் படிச்சேன். இன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டாலும் புரியாது. ஆனா ஒரு தேர்வுலயும் தவறினதில்லை. ஏன்? எது தெரியாதோ அதை ஒழுங்கா, வரிசையா, சத்தம் போடாம தெரியாம இருந்தேன். கல்வி அலுவலகம் எதிர்பார்க்கிறது அந்த ஒழுங்கைத்தான். வெளிநாட்டான் என்ன சொன்னான்கிறது வெளிநாட்டானோட கவலை."

பிரின்சிபால் பெங் இதைக் குறித்துக்கொண்டார். சாய் ஹாவ் பின்வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். பக்கத்து மாவட்ட ஆசிரியர்கள் பதின்மூன்றாம் அறையில் உட்கார்ந்து தலை குனிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் தலை குனிந்த சியாமான் உட்கார்ந்த நாற்காலியைச் சிவப்பு நாடாவால் கட்டினார்கள். தெங்கை ஊர் ஊராகப் பேச அழைத்தார்கள். எல்லா இடத்திலும் அவள் "நான் ஒண்ணும் செய்யலை" என்றே சொன்னாள். எல்லா இடத்திலும் கைதட்டினார்கள். இரவில் அவள் தூக்கத்தில் முனகுவதாக மோ பின் சொன்னான்.

"என்ன முனகுறேன்?"

"'கர்'ங்கிறே. அப்புறம் சும்மா இருக்கே."

ஆகஸ்டில் மாகாணத்திலிருந்து நிபுணர் குழு வருகிறது என்று செய்தி வந்தது. அதே முப்பது பிள்ளைகள் அவர்கள் முன்னால் மேடையில் உட்கார்ந்து ஒரு மாதிரித் தேர்வு எழுத வேண்டும். கோங் இதற்கென்று ஃபிரிட்ஜ் அளவு ஒலிபெருக்கிகளை வரவழைத்தார். தெங் அன்று காலை எதையும் தின்னவில்லை. வயிறு சத்தம் போட்டால் போடட்டும் என்றாகிவிட்டது அவளுக்கு.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. ஒரு பெண் குரல், கணீரென்று, அரங்கத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர ஆங்கிலத்தில் பேசியது.

முப்பது பிள்ளைகளும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். சியாமானின் பேனா கீழே விழுந்தது. அவள் இரண்டு கையாலும் காதைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். அதன் பிறகு மற்ற எல்லோரையும் போலக் குரலைத் துரத்திக்கொண்டு ஓடி, விடையை அழித்து, மாற்றி, மறுபடி அழித்தாள்.

மதிப்பெண்களைத் திரையில் போட்டார்கள். மாவட்டத்தின் கடைசிப் பள்ளிகூட அவ்வளவு கீழே போனதில்லை.

நிபுணர் குழுத் தலைவர், நரைத்த தலைக்காரர், மேடைக்கு வந்து சியாமானிடம் குனிந்தார். "பயப்படாதேம்மா. அன்னிக்கு நல்லா எழுதினியே. இன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

சியாமான் ஒலிபெருக்கியைக் காட்டினாள். "இன்னிக்கு சத்தம் வந்துச்சு ஐயா."

"அன்னிக்கு?"

தன் காதைப் பற்றி ஊர் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அரங்கத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தெங் எழுந்து நின்றாள். தானே எழுந்தாளா, நாற்காலி தள்ளியதா என்று பிறகு யோசித்தும் அவளுக்குப் புரியவில்லை.

"வரலை ஐயா" என்றாள். "அன்னிக்கு ஒலிபெருக்கி வேலை செய்யலை. அவளுக்கு மட்டும் இல்ல, முப்பது பேருக்கும் கேக்கலை. எனக்கும் கேக்கலை. பிள்ளைங்க காது நல்லாத்தான் இருக்கு."

மேடையில் ஒரு பையன் "உனக்கும் கேக்கலையாடா?" என்று பக்கத்தில் இருந்தவனை உலுக்கினான். "என் காது பஞ்சரு ஆயிடுச்சுன்னு நெனச்சேன்டா!" முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சியாமான் மேடையிலிருந்து குதித்து அம்மாவிடம் ஓடினாள். அம்மாக்காரி அவள் காதிலேயே கத்தினாள்: "கேக்குதா? கேக்குதா?" "கேக்குதும்மா, கேக்குது, போதும்!"

தெங் போலீஸை எதிர்பார்த்து நின்றாள்.

இயக்குநர் கோங் எழுந்தார். தேர்வு அறைகளில் தொங்கும் ஒலிபெருக்கிகளைப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். 'குறையே இல்லாத கருவி' என்று சான்று கொடுத்தவரும் அவரே. ஒரு நிமிடம் அவர் முகத்தில் தெங்கின் முகத்தில் எப்போதும் இருக்கும் அதே பயம் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது.

"தோழர்களே," என்றார், "இதைத்தான் நான் நிபுணர்கள் கண்ணாலயே பார்க்கட்டும்னு ஏற்பாடு பண்ணினேன். சத்தம் வந்தா மார்க் விழுது. சத்தம் இல்லேன்னா மார்க் ஏறுது. இத்தனை வருஷமா நாம லாரியை நிறுத்தினோம், தவளையைப் பிடிச்சோம். மூல காரணமான சத்தம் மட்டும் அறைக்குள்ளயே தொங்கிட்டு இருந்துச்சு! அதை முதல்ல கண்டுபிடிச்சவங்க நம்ம தெங் ஆசிரியை."

நரைத்த தலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ரயிலுக்கு நேரமாகியிருந்தது. "கவனிக்கத் தக்க கருத்து" என்றார். கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை.

இப்படித்தான் ஷிகோவ் முறை பிறந்தது. அடுத்த ஜூனில் மாவட்டம் முழுவதும் கேட்டல் தேர்வு ஒலி இல்லாமல் நடக்கும் என்று ஆணை வந்தது. ஒலிப்பதிவுக்கு ஏற்கனவே நிதி ஒதுக்கியாகிவிட்டதால் அது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓடித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுவார்கள். வாசித்தறிதல் பகுதியிலும் சீர்திருத்தம் வந்தது. பிள்ளைகள் பத்தியைப் படிப்பதில் நேரத்தை வீணாக்கி, படித்ததால் குழம்பி, தவறாக எழுதுவதாக ஆய்வில் தெரிந்தது. ஆகவே பத்திகள் நீக்கப்பட்டன. கேள்விகளும் விடைகளும் மட்டும் அச்சாகும். காகிதச் செலவு பாதியாகக் குறைந்ததற்கு இயக்குநருக்குப் பாராட்டுக் கிடைத்தது.

தெங் குய்லானை அமைதிக் கட்டளையகத்தின் துணைத் தலைவி ஆக்கினார்கள். அவளுக்கு ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு தொலைபேசி கிடைத்தன. தொலைபேசியை அவள் மேஜையின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

தேர்வு நாளில் அவள் கட்டுப்பாட்டு அறையில் திரைகளின் முன் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி. நூற்றுக்கணக்கான அறைகளில் ஆயிரக்கணக்கான தலைகள் குனிந்தன. திரையில் எதுவும் அசையவில்லை. கோங் தேநீரை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு மூலைத் திரையில் பிள்ளைகள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி அழுதாள். அது ஆற்றங்கரைக் கிராமப் பள்ளி ஒன்றின் நாலாம் அறை. யாரோ ஒயரைப் பிடுங்க மறந்திருந்தார்கள். அங்கே கேட்டல் தேர்வில் குரல் கேட்டுவிட்டது.

அன்று மாலையே அந்தப் பெற்றோர்கள் அலுவலக வாசலில் கூடினார்கள். "எங்க பிள்ளைங்க தேர்வைச் சத்தம் போட்டுக் கெடுத்துட்டாங்க!" என்று கூவினார்கள். மறுதேர்வு என்று முடிவானது. இருபத்தொன்பது பேருக்கு மட்டும். முப்பதாவது மாணவன் தாஹே எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதியிருந்தான்.

அது எப்படி நடக்கும்? விசாரணைக் குழு உட்கார்ந்தது. கோங், பெங், தெங் மூவரும் மேஜைக்கு இந்தப் பக்கம். தாஹே அந்தப் பக்கம். வாத்து வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. சட்டையில் இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏழாவது கேள்வி" என்றார் கோங். "நீளமான விடை இருக்கு. நடுவுல உள்ள விடை இருக்கு. ரெண்டையும் விட்டுட்டுக் கடைசியில கிடந்த குட்டை விடையைப் போட்டிருக்கே. அதுதான் சரி. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கேட்டேன் சார்."

"யாரைக் கேட்டே?"

"யாரையும் இல்ல சார். கேட்டு எழுதினேன்."

கோங் நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டு எழுதினேன்னு ஒப்புக்கிட்டான். எழுதிக்குங்க பெங்."

பெங் எழுதினார்.

பையன் பதறிப்போனான். "சார், இல்ல சார்! எங்க மாமா போன்ல வர்ற வீடியோவுல ஒரு வெளிநாட்டான் பெரிய பெரிய கெளுத்தி மீன் பிடிப்பான். அதை நான் தினம் பார்ப்பேன். அவன் பேசறது கொஞ்சம் கொஞ்சமாப் புரிய ஆரம்பிச்சுது. அதனால இதுவும் புரிஞ்சுது சார்."

"வெளிநாட்டானும் சம்பந்தப்பட்டிருக்கான்" என்றார் கோங் பெங்கிடம். பெங் அதையும் எழுதினார்.

தெங் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "ஐயா, அவன் காதால கேட்டிருக்கான். ஒலிபெருக்கியில வந்ததைக் கேட்டிருக்கான்."

"அதாவது, தேர்வு நடக்கும்போது ஒரு பொம்பளை குரல் அறைக்குள்ள வந்திருக்கு. அவ சொன்னதை வச்சு இவன் எழுதியிருக்கான். அப்படித்தானே?"

"ஆமாங்க ஐயா."

"இதுக்குப் பேரு என்ன? வெளியாள் உதவி. மத்த இருபத்தொன்பது பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு மானமா அழுதிருக்கு. இவன் மட்டும் கேட்டிருக்கான். கேட்டல் பகுதிக்குப் பூஜ்யம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை அவள் பக்கம் உருட்டினார். தெங் அதை எடுத்தாள். தாளில் தாஹேயின் பெயரை ஒரு முறை படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாதுங்க ஐயா."

"என்ன தெங் ஆசிரியை, பயமா இருக்கா?"

"இருக்குங்க ஐயா. எப்பவும் போல இருக்கு. ஆனா இது முடியாது."

கோங் கோபப்படவில்லை. பேனாவை எடுத்துப் பெங்கிடம் கொடுத்தார். மூன்று கையெழுத்தில் இரண்டு இருந்தால் போதும் என்று விதியிலேயே இருந்தது. தெங்கின் மேஜையும் தொலைபேசியும் அந்த வாரமே வேறொருவருக்குப் போயின. அவள் மறுபடி ஏழாம் வகுப்புக்கு மலைத்தொடர்கள் நடத்த வந்தாள். தாஹேக்குத் தொழிற்பள்ளியில், குளிர்சாதனம் பழுது பார்க்கும் பிரிவில் இடம் கிடைத்தது.

விசாரணை முடிந்த அன்று வெளியே மழை பிடித்திருந்தது. கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. தெங் தன் மின்ஸ்கூட்டரில் பையனை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் மெதுவாகப் போனாள். ஈரத் தார்ச்சாலையில் வண்டி ஓட்ட அவளுக்குப் பயம். பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று தோன்றியது.

"தாஹே, அந்த ஏழாவது கேள்வியில அந்தப் பொம்பளை என்னதான் சொன்னா?"

பையன் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லத் தொடங்கினான். ரயில் நிலையம் மாதிரி இரைச்சல் இருந்தது என்றான். சின்னப் பொண்ணு ஒண்ணு தொலைஞ்சுபோய் நிக்குது, சிவப்பு கோட்டுப் போட்டிருக்கு, பேரைக் கேட்டா சொல்லத் தெரியலை. "இது யாருக்காவது கேட்டா, தயவுசெஞ்சு மூணாம் நம்பர் கவுண்டருக்கு வாங்கன்னு சொன்னா டீச்சர்."

மழை அவள் கண்ணாடியில் அடித்தது. தெங் வண்டியை இன்னும் மெதுவாக்கினாள்.

"யாராச்சும் போனாங்களா?"

"தெரியலை டீச்சர். ரெண்டு தடவை சொன்னா. அப்புறம் எட்டாவது கேள்வி வந்துடுச்சு."